உறைபனி ஊரும் பெண்களின் கைவேலையும்

கனடா என்றதும் எம்மவரில் பலருக்கு ரொறன்ரோவும் மொன்றியலும்தான் நினைவுக்கு வரும். உறவினர் அனுப்பும் படங்களில் பனி மூடிய வீதிகளையும் தடித்த குளிர் அங்கிகளையும் கண்டிருப்போம். அந்நாட்டின் கிழக்குக் கோடியில், அத்திலாந்திக் சமுத்திரத்தில், நியூபவுண்ட்லாந்து என்றொரு பெருந்தீவு உண்டு. 1949 ஆம் ஆண்டில்தான் அது கனடாவுடன் இணைந்தது. அத்தீவின் வடமுனையில் இருக்கும் மீனவர் ஊர் சென். அன்ரனி. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு சென்று வாழ்ந்த ஒரு தொண்டரையும், அவரிடம் கற்றும் அவருக்குக் கற்பித்தும் வாழ்ந்த பெண்களையும் பற்றியது இக்கட்டுரை.

சம்பளமில்லாத வேலையாள்

அத்தொண்டரின் பெயர் ஜெசி லூதர். அமெரிக்காவின் புரொவிடன்ஸ் நகரைச் சேர்ந்தவர். 1860 இல் பிறந்த அவர் சித்திரமும் கைப்பணியும் கற்றவர். சிக்காகோவில் ஜேன் அடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் சமூக நிலையத்தில் பணிபுரிந்தார். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த முதிய பெண்கள் அங்கு நூல் நூற்றுக் காட்டினார்கள், நெய்து காட்டினார்கள். ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தாய்மார், தமது கைத்திறனால் அங்கே மதிப்புப் பெற்றதை லூதர் கண்டார். பின்னர் ஒரு வைத்தியருடன் சேர்ந்து, நோயாளரின் மனதைக் கைவேலையால் தேற்றும் முயற்சியிலும் ஈடுபட்டார்.

அக்காலத்தில் நியூபவுண்ட்லாந்தின் வடகரையிலும், அதற்கு அப்பால் உள்ள லாப்ரடோர்க் கரையிலும் டொக்டர் வில்பிரட் கிரென்பெல் என்ற ஆங்கிலேயர் மருத்துவப் பணி செய்து வந்தார். மீனவர்களுக்கான ஒரு தொண்டு அமைப்பு 1892 இல் அவரை அனுப்பியிருந்தது. வைத்தியர் எவருமில்லாத அந்த நீண்ட கரையில் அவர் வைத்தியசாலைகளைக் கட்டினார். தாதியரும் ஆசிரியரும் மாணவரும் சம்பளம் வாங்காமல் உதவிக்குச் சென்றனர். லூதரும் அவ்வாறே 1906 இல் சென். அன்ரனியில் இறங்கினார். கொண்டுபோன எண்ணம் ஒன்றுதான்: ஊர்ப் பெண்களுக்கு நெசவு கற்பித்து, அவர்களுக்கென ஒரு வருமானத்துக்கு வழி செய்ய வேண்டும்.

கையில் காசு காணாத குடும்பங்கள்

அந்த ஊரின் கஷ்டம் எம் கரையோரச் சகோதரிகளுக்குப் புதிதாக இராது. கோடையில் ஆண்கள் கொட் மீன் பிடித்து வருவார்கள். அதைப் பிளந்து, உப்பிட்டு, மரத்தட்டுகளில் பரப்பிக் காய வைப்பதில் பெரும் பங்கு பெண்களுடையது. மழைத்துளி விழுந்தால் ஓடிச் சென்று மூட வேண்டும். வெயில் கூடினாலும் மீன் பழுதாகும். இத்தனை உழைப்பும் முடிந்து இலையுதிர் காலத்தில் கணக்குப் பார்க்கும்போது கையில் காசு வராது. வலை, உப்பு, மா, வெல்லப்பாகு எல்லாம் முதலாளியிடம் முற்கூட்டியே கடனாக வாங்கியவை. மீனுக்கும் அவரே விலை வைப்பார், பொருளுக்கும் அவரே விலை வைப்பார். பெரும்பாலான குடும்பங்கள் கடனோடு மாரியைத் தொடங்கிக் கடனோடு முடித்தன. இதை மாற்றுவதற்காகக் கிரென்பெல் 1896 இல் லாப்ரடோரின் றெட் பே என்னும் ஊரில் கூட்டுறவுக் கடையொன்றைத் தொடக்கி வைத்தார்.

கடலும் போரும் ஆண்களைக் கொண்டுபோவது வேறு. 1914 மார்ச்சில் சீல் வேட்டைக்குப் போன ஒரு கப்பலின் ஆட்கள் பனிப்புயலில் சிக்கி, 78 பேர் மாண்டனர். 1916 யூலை முதலாந் திகதி பிரான்சின் போமொன்ற் ஹமல் போர்க்களத்தில் ஏறக்குறைய 800 நியூபவுண்ட்லாந்துப் படையினர் முன்னேறினர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர் மட்டுமே. அத்தீவின் வீடுகள் பலவற்றில் பெண்ணே குடும்பத்தலைவியானாள். அவளுக்கென்று கையில் ஒரு வருமானம் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை எம் வாசகிகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆறு மாதம் அடைபட்ட ஊர்

மார்கழி, தை மாதங்களில் துறைமுகம் உறைந்துவிடும். அதன் பிறகு வைகாசி, ஆனி வரை கப்பல் வராது. கடிதங்கள் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில், ஊர் ஊராகக் கைமாறி வரும். அவை எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வந்த தொண்டருக்கு இந்தத் தனிமையே முதற் சோதனை.

அன்றாட வேலைகளும் வேறு விதமானவை. குடிநீருக்குப் பனிக்கட்டியில் துளை வெட்ட வேண்டும். பெண்கள் ஒரு மரவளையத்துக்குள் நின்று, அதன் இரு பக்கத்திலும் வாளிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தண்ணீர் காலில் தெறிக்காமல் வளையம் தள்ளிப் பிடித்திருக்கும். தெறித்தால் பாவாடை உறைந்து விறைத்துவிடும். கொடியில் போட்ட உடுப்பு பலகை போலாகும். இரவில் பாண் மாவைக் குழைத்து, அது குளிரில் அடங்கிப்போகாமல் போர்வையால் சுற்றி வைப்பார்கள். விறகைக் காட்டிலிருந்து நாய்வண்டியில் இழுத்து வர வேண்டும். உப்பு மீன், கட்டிப் பிஸ்கற், வெல்லப்பாகு விட்ட தேநீர், இவைதான் பல நாள் உணவு. காய்கறி அருமை. மா வெள்ளை மா. அதனால் பெரிபெரி, ஸ்கேவி போன்ற குறைபாட்டு நோய்களும், நெருக்கமான வீடுகளில் காசநோயும் பரவியிருந்தன.

நாய்வண்டிப் பயணம்

மாரியில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செல்ல ஒரே வழி ‘கொமற்றிக்’ எனப்படும் சறுக்குவண்டி. இரண்டு நீண்ட மரச் சட்டங்கள், அவற்றின் குறுக்கே பலகைகள். இவற்றை ஆணி அடித்துப் பொருத்தமாட்டார்கள், கயிற்றால் கட்டுவார்கள். ஆணி அடித்த வண்டி கரடுமுரடான பனிக்கட்டியில் மோதி உடையும். கயிற்றால் கட்டியது வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி வார், முன்னோடி நாயின் வார் எல்லாவற்றிலும் நீளம். நோயாளியாயினும் தொண்டராயினும் கம்பளி சுற்றி வண்டியில் அமர வேண்டும். மேட்டில் நாய்கள் திணறினால் இறங்கி நடக்க வேண்டும். பங்குனி மாதச் சூரியன் வெண்பனியில் பட்டுக் கண்ணைக் குருடாக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

இருட்டினால் வழியில் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். முன்பின் அறியாதவருக்கும் அடுப்பருகே இடமும் ஒரு கோப்பைத் தேநீரும் உண்டு. தமக்கே போதாத வீட்டிலும் அது மறுக்கப்படுவதில்லை. வெளியூரிலிருந்து உதவ வந்தவர்கள் வழி நெடுகிலும் உதவி பெற்றுத்தான் பயணம் செய்தார்கள்.

அப்பயணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1908 ஏப்ரலில் நடந்தது சான்று. காலில் எலும்பு அழுகிய ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை அளிக்கக் கிரென்பெல் நாய்வண்டியில் புறப்பட்டார். நேரத்தை மீதப்படுத்த உறைந்த விரிகுடாவைக் குறுக்கே கடந்தார். பனிக்கட்டி உடைந்து, அவரும் நாய்களும் ஒரு மிதக்கும் துண்டில் கடலை நோக்கி அள்ளுண்டனர். குளிரில் உயிர் பிழைக்க மூன்று நாய்களைக் கொன்று அவற்றின் தோலைப் போர்த்திக்கொண்டார். அவற்றின் கால் எலும்புகளைக் கட்டிக் கொடிக்கம்பமாக்கி, தன் சட்டையைக் கொடியாக அசைத்தார். மறுநாள் கரையிலிருந்த மீனவர்கள் படகைப் பனிக்கட்டிகளுக்கூடாகத் தள்ளிக்கொண்டு வந்து அவரைக் காப்பாற்றினர். சிறுவன் பின்னர் சென். அன்ரனிக்குக் கொண்டுவரப்பட்டுக் குணமடைந்தான். மூடி, வோச், ஸ்பை என்னும் அம்மூன்று நாய்களின் பெயரையும் கிரென்பெல் ஒரு தகட்டில் பொறித்து வைத்தார்.

இந்தப் பயணங்களுக்குப் பின்னால் இன்னொரு உழைப்பும் இருந்தது. தண்ணீர் புகாத சீல் தோல் சப்பாத்தைத் தைப்பவர்கள் பெண்கள். தையல் ஒன்று விட்டுப்போனால் கால் நனையும், நனைந்த கால் விறைத்து அழியும். லாப்ரடோரின் இனுவிட் பெண்கள் இதில் நிகரற்றவர்கள். அவர்கள் தைத்த சப்பாத்து இல்லாவிட்டால் வைத்தியரும் இல்லை, கடிதமும் இல்லை.

தறியிலிருந்து சாக்குத் துணிக்கு

லூதர் முதலில் தறிகளைக் கொண்டு நெசவு கற்பித்தார். பெண்கள் ஆர்வத்தோடு கற்றார்கள். ஆயினும் தறி பெரியது, நெசவு அறைக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும். தூரத்துக் குடாக்களில் பிள்ளைகளோடும் அடுப்போடும் மாரி முழுதும் அடைபட்டிருந்த தாய்மாருக்கு அது எட்டவில்லை.

ஆனால் அந்த வீடுகளிலேயே ஒரு கைவேலை நெடுங்காலமாக இருந்தது. மீன் வேலை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களில் பெண்கள் தரைவிரிப்புச் செய்வார்கள். சாக்குத் துணியை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, பழந்துணிக் கீலங்களை ஒரு கொக்கியால் கீழிருந்து மேலாக இழுத்து இழுத்து நிரப்புவார்கள். வளைத்த ஆணியை மரப்பிடியில் செருகினால் அதுவே கொக்கி. குளிர்ந்த பலகைத் தரைக்கு அந்த விரிப்பே காப்பு.

லூதர் இதைக் கவனித்தார். தான் கொண்டுவந்த தொழில் இருக்க, அவர்களிடம் ஏற்கனவே இருந்த தொழிலுக்குச் சந்தை தேடினார். நாய்வண்டி, வெண்கரடி, பனிமலை, பறவைகள் என்று அந்த ஊரின் காட்சிகளே கோலங்களாயின. கோலம் பதித்த சாக்குத் துணியும் சாயமிட்ட துணியும் வீடு வீடாகப் போயின. முடிந்த விரிப்புகள் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் விற்பனையாகின. 1920 களில் அங்குள்ள பெண்களிடமிருந்து கிழிந்த பட்டுக் காலுறைகள் சேகரிக்கப்பட்டு, சாயமிட்டு விரிப்புகளில் சேர்ந்தன. மிக நுணுக்கமான வேலையில் ஒரு சதுர அங்குலத்தில் 200 இழுப்புகள் வரை இருந்தன.

இதே காலத்தில் நடந்த இன்னொரு திட்டத்தையும் இங்கு சொல்ல வேண்டும். நாய்களுக்குப் பதிலாக வண்டி இழுக்கவும் பாலும் இறைச்சியும் தரவும் என்று, 1908 இன் தொடக்கத்தில் லப்லாந்திலிருந்து 300 கலைமான்களைக் கிரென்பெல் தருவித்தார். மந்தை சில ஆண்டுகள் பெருகியது. பராமரிப்புக் குறைந்து, களவு வேட்டையும் கூடி, பின்னர் தேய்ந்தது. முதலாம் உலகப் போர் முடியும் காலத்தில் எஞ்சியவற்றை வேறிடம் அனுப்பினார்கள். பெரும் செலவில் வெளியிலிருந்து வந்த மான்கள் போய்விட்டன. ஆணியும் சாக்கும் கொண்டு செய்த விரிப்பு நிலைத்தது.

கூலியும் பெயரும்

இந்த வேலையில் குறையும் இருந்தது. கூலியாகப் பெரும்பாலும் கிடைத்தது காசல்ல, தொண்டு நிலையத்தின் உடுப்புக் களஞ்சியத்தில் உடுப்பு எடுக்கும் துண்டு. இனாமாக வாங்குவதை விட உழைத்து வாங்குவது மேல் என்பது கிரென்பெலின் கொள்கை. தன் பிள்ளைக்கு ஒரு குளிர்ச் சட்டையைத் தன் கையுழைப்பால் எடுத்த தாய்க்கு அது பெருமைதான். ஆனால் கோலத்தைத் தெரிவு செய்ததும், தரம் பார்த்து விலை வைத்ததும் தொண்டு நிலையமே. வேலை சற்றுப் பிசகினால் கூலி குறையும்.

லூதர் 1915 வரை அந்த ஊருடன் தொடர்பில் இருந்தார், பிந்திய ஆண்டுகளில் கோடையில் மட்டும் சென்று வந்தார். புரொவிடன்ஸில் மனநோய் வைத்தியசாலையொன்றில் கைவேலைச் சிகிச்சைப் பிரிவை நடத்தினார். 1952 இல் காலமானார். அவருடைய நாட்குறிப்புகள் 2001 இல் நூலாக வந்தன. விரிப்புகள் இன்று நூதனசாலைகளில் உள்ளன, ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன. அவற்றின் பின்புறத்தில் தொண்டு நிலையத்தின் சீட்டு இருக்கும். செய்த பெண்ணின் பெயர் பெரும்பாலானவற்றில் இல்லை. மூன்று நாய்களின் பெயர் எழுதப்பட்ட ஊரில், ஆயிரக்கணக்கான விரிப்புகளைச் செய்தவர்களின் பெயர் எழுதப்படாமல் போயிற்று.

சகோதரிகளே, பனையோலைப் பெட்டி இழைப்பவர்களும் தையல் வேலை செய்பவர்களும் உங்களுள் இருப்பீர்கள். உங்கள் சங்கத்துக்கு உதவ வருபவர் நல்லவராக இருக்கலாம், லூதரைப் போல உங்களிடமிருந்து கற்பவராகவும் இருக்கலாம். அவர் ஒரு நாள் திரும்பிப் போவார். ஆகவே கணக்குக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தப் பொருளை யார் செய்தார், எத்தனை நாள் எடுத்தது, என்ன விலைக்குப் போனது, செய்தவர் கையில் எவ்வளவு வந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை விலை பேசும்போது அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துப் பேசலாம். உங்கள் பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது உங்கள் பெயரும் அதில் இருக்கும்.