பரணில் ஒரு ஜி.ஐ. ஜோ

பொங்கல் லீவுக்கு வலங்கைமான் போனப்போ, பரணில் மாமாவோட பழைய ஜி.ஐ. ஜோ பொம்மை ஒண்ணு கிடைச்சுது. லேசர் துப்பாக்கி, குளோனிங்கில் உருவான வில்லன்னு சயின்ஸ் ஃபிக்‌ஷனில் ஊறிய சீரிஸ் அது. இங்கே அதைத் தயாரிச்சது ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப், ஹாஸ்ப்ரோ கூட்டில் 1987-ல் ஆரம்பிச்ச கம்பெனி. வெளிநாட்டு கலெக்டர்களும் இந்த இந்தியத் தயாரிப்பைத் தேடுறாங்க. உங்க வீட்டுலயும் இருந்தா, விலை பேசுறதுக்கு முன்னாடி நல்லா பாருங்க.

நிறம் அமெரிக்கப் பொம்மை மாதிரி இல்லையேன்னு டூப்ளிகேட் முத்திரை குத்தாதீங்க. ஃபன்ஸ்கூல் பல பொம்மைகளை வேற நிறத்துலதான் போட்டுச்சு. பின்பக்கம் பொறிச்சிருக்கிற வருஷம் டிசைனோட காபிரைட் வருஷம். தயாரிச்ச வருஷம் இல்லை. பெயின்ட் உரிஞ்சிருந்தா அப்படியே விடுங்க, மேல பூசினா மதிப்பு போயிடும்.

கால் தொளதொளன்னு ஆடுதா? பயப்பட வேண்டாம். இந்த 3.75 அங்குல பொம்மையோட மார்பையும் காலையும் இழுத்துப் பிடிக்கிறது உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் ஓ-ரிங். வருஷம் ஆக ஆக ரப்பர் இறுகி, வெடிச்சு, அறுந்துடும். முதுகுத் திருகாணியைக் கழட்டி அதே அளவு புது ஓ-ரிங் மாட்டிடலாம். குடமுருட்டிக் கரை ஈரத்துல திருகாணி துரு பிடிச்சிருந்தா மட்டும் நிதானம். தலை மழுங்கிட்டா கழட்டவே முடியாது.

சரிசெய்ய முடியாதது பிளாஸ்டிக் விரிசல்தான். முழங்கை ரிவெட்டைச் சுத்தியும் கவட்டையிலும் லென்ஸ் வெச்சுப் பாருங்க. அப்புறம் கட்டைவிரல். துப்பாக்கியை அழுத்திச் சொருகினா முதல்ல போறது அதுதான். மாமா இத்தனை வருஷம் பத்திரமா வெச்சிருந்ததை நான் ரெண்டு நிமிஷத்துல உடைச்சேன். இன்னும் அவர்கிட்ட சொல்லலை.