வட்டவாளும் வட்டப் பலகையும்

மரத்தை நேராக அறுப்பது எளிது. வட்டமாக அறுப்பது அரிது. மேசை வட்டவாளோ நேர்கோட்டில் அறுப்பதற்கென்றே அமைந்த பொறி. அதன் அலகு தட்டையான உருக்குத் தகடாதலின் வளைந்து செல்லாது. எனினும், அப்பொறியைக் கொண்டே முக்காலிக்கு வேண்டிய வட்டப் பலகையைச் செம்மையாகவும் விரல்களுக்கு ஊறின்றியும் ஆக்கிக்கொள்ளலாம். அதற்குத் துணைநிற்பது, ‘ஜிக்’ எனப் பட்டறைகளில் வழங்கும் எளிய துணைப்பலகையாகும். அதன் அமைப்பையும், அஃது எவ்வாறு காவலாகின்றது என்பதையும் ஈண்டு விளக்குவாம்.

முதற்கண் ஆபத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அலகு நிமிடத்துக்கு 4000 முறை சுழலுமாயின், அதன் பற்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 52 மீற்றர் விரைகின்றன. மணிக்கு 188 கிலோமீற்றர் என்க. அலகின் முன்புறப் பற்கள் கீழிறங்கி மரத்தை மேசையோடு அழுத்துவன. பின்புறப் பற்கள் மேலெழுவன. கையாற் பிடித்த மரம் சிறிது கோணினும், பின்புறப் பற்கள் அதனைத் தூக்கி அறுப்பவனை நோக்கி எறிந்துவிடும். அவ்வேளை, அதனைப் பற்றியிருந்த கை வாளின்மீது விழுதலும் உண்டு. ஆதலின், வெறுங்கையால் மரத்தைத் திருப்பித் திருப்பி வளைவு அறுக்க முயலுதல் ஒருபோதும் ஆகாது.

துணைப்பலகையை அமைக்கும் முறை வருமாறு: வாள்மேசையில் அலகுக்குச் சமாந்தரமாக ஒரு தவாளிப்பு உண்டு. அதனுள் அசைவின்றியும் இறுக்கமின்றியும் வழுக்கிச் செல்லத்தக்க வன்மரச் சட்டமொன்றை, 12 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள ஒட்டுப்பலகையின் அடியிற் பொருத்துக. பின்னர் அதனை ஒருமுறை வாளினூடு தள்ளினால், ஒட்டுப்பலகையின் ஓரம் அறுபட்டு அலகு செல்லும் கோட்டையே காட்டிநிற்கும். அவ்வோரத்திலிருந்து செங்குத்தாக 20 சென்ரிமீற்றர் அளந்து, அவ்விடத்தில் ஒரு சுழலாணியை நாட்டுக. இதுவே வட்டத்தின் மையம். அளந்த தூரம் அதன் ஆரை.

இனி, 40 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரப் பலகையின் அடிப்புற மையத்தில் அரைத் தடிப்பளவு துளையிட்டு, அதனைச் சுழலாணியில் ஏற்றுக. மூலையொன்றை அலகின் பக்கம் திருப்பி, மரத்தைக் கவ்வியால் துணைப்பலகையோடு இறுக்கி, முழுவதையும் வாளினூடு தள்ளுக. மூலை நேர்கோட்டில் அறுபட்டு விழும். அந்நேர்கோடு நாம் விரும்பும் வட்டத்துக்கு ஒரு தொடலி. நான்கு மூலைகளும் நீங்கியதும் சதுரம் எண்கோணியாகும். மீண்டும் எட்டு மூலைகளை நீக்கினால் 16 பக்கங்களும், அதன்பின் 32 பக்கங்களும் அமையும். ஆக, 28 அறுப்புகள்.

இவ்வறுப்புகளின் பயனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. சதுரத்தின் மூலை வட்டத்துக்கு வெளியே 83 மில்லிமீற்றர் நீண்டு நிற்கும். எண்கோணியில் அது 16 மில்லிமீற்றராகவும், 16 பக்கங்களில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றராகவும், 32 பக்கங்களில் 1 மில்லிமீற்றராகவும் குறையும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆக்கிமிடீசு அறுகோணியிற் தொடங்கிப் பக்கங்களை இரட்டித்து, 96 பக்கம் வரை சென்று, வட்டத்தின் பரிதி விட்டத்தின் 3 10/71 மடங்கினும் பெரிது, 3 1/7 மடங்கினும் சிறிது என நிறுவினார். அவர் கணித்த நெறியையே தச்சன் மரத்திற் காண்கின்றான்.

எஞ்சிய 1 மில்லிமீற்றரை அரத்தாளால் தேய்த்து நீக்கலாம். சுழற்றி நீக்க விரும்புவோர், பொறியை நிறுத்திய பின்னர், சுழலாணி அலகின் முன்விளிம்புக்கு நேரே நிற்குமாறு துணைப்பலகையை மேசையோடு கவ்வியால் இறுக்குதல் வேண்டும். பக்கமொன்றின் நடுவை அலகுக்கு நேரே நிறுத்திப் பொறியை இயக்கி, மரத்தை மெல்லச் சுழற்றுக. மரத்தின் ஓரம் முன்புறப் பற்களை எதிர்த்துச் செல்லுமாறு சுழற்றல் வேண்டும். பற்கள் செல்லும் திசையிலேயே சுழற்றினால் அவை மரத்தைப் பறித்துச் செல்லும். கைகள் இரண்டும் சுழலாணிக்கு அப்பால், அலகுக்குச் சேய்மையில் இருத்தல் வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் உள. அலகு மரத்துக்குமேல் ஒரு பல்லின் உயரமளவே தோன்றுமாறு தாழ்த்துக. மேசையிலுள்ள ஓரத்தடுப்பை அகற்றிவிடுக. அன்றேல், அறுபட்ட துண்டு அதற்கும் அலகுக்கும் இடையே சிக்கிப் பாயும். துண்டுகளை அலகு முற்றாக நின்றபின்னரே எடுக்குக. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி இன்றியமையாதது. கையுறையும் தளர்ந்த சட்டைக்கையும் கூடாதன, அவை அலகிற் சிக்கிக் கையை இழுப்பனவாதலின். கையை அலகுக்கு அண்மையிற் கொணரும் சிறு வட்டங்களுக்கு இம்முறை உகந்ததன்று; அவற்றைக் கடைசற்பொறிக்கு விடுதலே அறிவுடைமை.

துணைப்பலகை செய்யும் பணி யாது? மரம் செல்லும் வழியைத் தவாளிப்பும், ஆரையைச் சுழலாணியும், மரத்தின் உறுதியைக் கவ்வியும் காக்கின்றன. கை செய்ய எஞ்சியிருப்பது தள்ளுதல் ஒன்றே. தவறுதற்கு இடமில்லாதவாறு கருவியை அமைத்துவிட்டால், பிழையற்ற வட்டமும் ஊறற்ற விரல்களும் ஒருங்கே கிட்டும். செம்மை வேறு, காவல் வேறு எனக் கருதுவோர்க்கு, இரண்டும் ஒன்றே என்பதை இவ்வெளிய பலகை உணர்த்துகின்றது.