முன்பாரமும் பின்பாரமும்

பாரவண்டிலைச் செலுத்துவோனுக்கு மாட்டை அறிந்தால் மட்டும் போதாது. பாரத்தையும் அறிதல் வேண்டும். எங்கள் ஊரில் நெல்மூடை ஏற்றும் முதிய வண்டிற்காரர் ஒருவர் இருந்தார். மூடைகளை அடுக்கி முடிந்ததும், மாட்டைப் பூட்டுவதற்கு முன், நுகத்தடியைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். எளிதில் எழுந்தால், "பின்பாரம்" என்று கூறி இரண்டு மூடைகளை முன்னே தள்ளுவார். எழவே மறுத்தால், "முன்பாரம், மாட்டின் கழுத்து என்னாவது?" என்று சிலவற்றைப் பின்னே நகர்த்துவார். சிறுவனாயிருந்த யான் அதனை வேடிக்கை பார்த்து நின்றேனேயன்றி, அதனுள் ஒரு சாத்திரம் அடங்கியிருப்பதை அறிந்தேனல்லேன். நாற்பதாண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னர், அமெரிக்க நாட்டுக் கொலராடோ மலைச் சாலையிலே, உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கணத்தில் அதனை அறிந்தேன்.

என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவன் ஒருவன் டென்வர் நகரில் தொழில் பார்க்கின்றான். இரண்டாண்டுகளுக்கு முன் விடுமுறைக் காலத்தில் என்னைத் தன்னிடம் அழைத்திருந்தான். "ஐயா, உங்களை விடுதிகளில் தங்கவைக்க மாட்டேன், வீட்டையே கொண்டு போவோம்" என்றான். விளையாட்டுப் பேச்சென்று எண்ணினேன். மறுநாள் முற்றத்திற் கண்டது மெய்யாகவே ஒரு வீடு. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, நீர்த்தொட்டி, கழிப்பறை யாவும் அமைந்து, ஓர் அச்சின் மேல் இரண்டு சில்லுகளோடு நின்றது அது. அதனை இழுப்பதற்கு நடுத்தர அளவான பிக்கப் வாகனம் ஒன்று. முன்னே நால்வர் ஐவர் அமரும் அறையும், பின்னே திறந்த தட்டும் உடையது. அந்நாட்டில் இவ்விரண்டும் இணைந்து செல்லும் காட்சி, நம் நாட்டில் உழவு இயந்திரம் பெட்டியோடு செல்வது போல் வெகு சாதாரணமானது.

இன்பப் பயணத்துக்கென வீட்டைச் சில்லின்மேல் ஏற்றும் வழக்கம் மோட்டார் வண்டிக்கு முற்பட்டது. பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராயிருந்து, பின்னர்ச் சிறுவர்க்குக் கதைகள் எழுதிப் பெயர்பெற்ற கோடன் ஸ்ரேபிள்ஸ் என்பார், 1885 இல் 'வாண்டரர்' என்னும் பெயருடைய வண்டிவீடொன்றைச் செய்வித்துக் குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வனெஸ் வரை சென்றார். அவ்வீட்டின் நிறை ஏறத்தாழ இரண்டு தொன். அடுத்த ஆண்டு அப்பயணத்தை நூலாகவும் எழுதினார். அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்ரெயின்பெக், 1960 இல் பிக்கப் வாகனமொன்றின் தட்டின்மேலேயே சிறு வீட்டை அமைத்து, டொன் கிஹோட்டேயின் குதிரைப் பெயரை அதற்கிட்டுத் தம் நாயுடன் நாட்டைச் சுற்றினார். அவர் நூல் 1962 இல் வெளிவந்தது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. எனவே, எழுத்தோடு தொடர்புடையார்க்கு இவ்வூர்தி புதியதன்று.

நிற்க. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, "தம்பி, இவ்வளவு பெரிய வீட்டை இவ்வாகனம் இழுக்குமா?" என்று வினவினேன். "இந்த வாகனம் 6,000 இறாத்தலுக்கு மேல் இழுக்கும், ஐயா. வீட்டின் வெறும் நிறை 3,500 தான்" என்றான். பின்னர் வாகனத்தைச் சுற்றி வந்தவன், அதன் பின்பக்கம் தாழ்ந்திருப்பதைக் கண்டான். தட்டிலிருந்த மின்பிறப்பாக்கியையும், எனக்கென்று அவன் சேர்த்துவைத்திருந்த தமிழ் நூற்பெட்டிகளையும் இறக்கி, இழுவை வீட்டின் பின்னறையில் வைத்தான். பிள்ளைகளின் துவிச்சக்கரவண்டிகளை வீட்டின் பின்புறச் சட்டத்திற் கட்டினான். நீர்த்தொட்டியும் அச்சுக்குப் பின்னேதான் இருந்தது, அதனையும் நிரப்பினான். வாகனத்தின் பின்பக்கம் நிமிர்ந்தது. அவனும் மகிழ்ந்தான்; யானும் மகிழ்ந்தேன். அறியாமையின் மகிழ்ச்சிக்கு அளவேது!

டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு 5,280 அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் 70 ஆம் இலக்க நெடுஞ்சாலை மலையேறி, 11,000 அடிக்கும் மேலான உயரத்தில், 1973 இல் திறக்கப்பட்ட ஐசனோவர் சுரங்கப் பாதையை அடைகின்றது. உயரம் மிக மிகக் காற்றின் செறிவு குறைவதால், இயல்பாகக் காற்றை உறிஞ்சும் இயந்திரம் ஒவ்வோராயிரம் அடிக்கும் தன் வலிமையில் நூற்றுக்கு மூன்று பங்களவை இழக்கும். ஏற்றத்தில் எங்கள் வாகனம் முனகிக்கொண்டே ஏறியது. யான் அஞ்சியது அந்த ஏற்றத்தை. அஞ்சியிருக்க வேண்டியது இறக்கத்தை.

சுரங்கத்தைக் கடந்ததும் சாலை செங்குத்தாக இறங்குகின்றது. நூறு அடிக்கு ஏழடி வரை சரியும் இடங்கள் உள. பிறேக் தவறிய லொறிகள் ஏறி நிற்பதற்கெனச் சாலையோரத்தில் கற்குவைப் பாதையும் அமைத்திருக்கின்றனர். எங்கள் வேகம் சற்று மிகுந்தது. பெரிய லொறி ஒன்று எங்களைக் கடந்து சென்றது. அது தள்ளிய காற்றில் இழுவை வீடு வலப்புறம் ஒதுங்கியது, பின் இடப்புறம், மீண்டும் வலப்புறம். ஒவ்வொரு வீச்சும் முன்னையதினும் பெரிதாயிற்று. நாயை அதன் வால் ஆட்டுவது போல, வீடு எங்கள் வாகனத்தை ஆட்டியது. பின்னிருக்கையிற் பிள்ளைகள் அலறினர். மாணவனின் கால் பிறேக்கை நோக்கிச் சென்றது.

"மிதிக்காதேங்கோ! கையாலே பிடியுங்கோ!" என்று கூவினாள் அவன் மனைவி. வாகனத்தோடு வந்த கைந்நூலைக் குடும்பத்தில் முழுவதும் படித்தவள் அவள் ஒருத்தியே. இழுவை வீட்டின் மின்பிறேக்கை மட்டும் இயக்கும் சிறு நெம்பு ஒன்று ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் உண்டு. அவன் கால்களை எடுத்து, சுக்கானைத் திருப்பாது நேரே பிடித்து, அந்நெம்பை மெல்ல அழுத்தினான். பின்னிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் வீடு நேராயிற்று, ஆட்டம் அடங்கியது. மலையடியில் நிறுத்திய பின் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

லொறிகள் தரிக்கும் இடமொன்றில் எடைமேடை இருந்தது. அங்கே வீட்டைக் கழற்றி வாகனத்தைத் தனியே நிறுத்தோம். பின் வீட்டைப் பூட்டி இரண்டையும் நிறுத்தோம். வெறும் நிறை 3,500 என்ற வீடு, நீரும் வாயுவும் உணவும் படுக்கையும் பிறவும் சேர்ந்து 4,500 இறாத்தலாயிருந்தது. அதில் வாகனத்தின் கொளுவியில் அமர்ந்த பாரம் 270 இறாத்தல். அஃதாவது நூற்றுக்கு ஆறு. வேண்டியதோ, மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை.

இம்முன்பாரத்தை அமெரிக்கர் 'நாக்கின் பாரம்' என்பர். வீட்டின் முன்னே நீண்டு கொளுவியிற் பொருந்தும் சட்டத்தை நாக்கென்பது அவர் வழக்கு. நாக்கு இலேசாயின் நேரும் கேடு யாது? சுமையின் மையம் அச்சுக்கு முன்னே இருப்பின், பக்கவாட்டில் உண்டாகும் அசைவு தானே தணியும். மையம் பின்னே செல்லச் செல்ல, தணிக்கும் ஆற்றல் குன்றும். ஒரு குறித்த வேகத்தைக் கடந்ததும் அசைவு தணியாது வளரும். பின்முனையில் தொங்கும் துவிச்சக்கரவண்டி நிறையாற் சிறிதாயினும், அச்சிலிருந்து தூரத்தில் இருத்தலால் அதன் வீச்சுப் பெரிது. பிறேக்கை ஓங்கி மிதித்தால் முன்வாகனம் தளரப் பின்வீடு முந்த முயலும். இரண்டும் கத்திரிபோல் மடியும். நுகத்தைத் தூக்கிப் பார்த்த எங்களூர் வண்டிற்காரர் சோதித்தது இதனையேயாம்.

"அப்படியாயின், சாமான்களை முன்னே வைத்தால் முடிந்தது" என்று யான் சொன்னேன். மாணவன் தாளை எடுத்துக் கணக்கிட்டான். அக்கணக்கே இக்கட்டுரையின் உயிர்நிலை என்க.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும். வாகனத்தில் இருப்போரும் சுமையும் கூடி எவ்வளவு நிறையைத் தாங்கலாம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். எங்கள் வாகனத்துக்கு அது 1,150 இறாத்தல். இழுக்கும் வலிமை வேறு. சுமக்கும் வலிமை வேறு. விளம்பரங்களிற் பெரிய எழுத்தில் வருவது முன்னையது; முதலில் முடிந்துபோவது பின்னையது. நாக்கின் பாரமும் சுமக்கும் கணக்கில் அடங்கும் என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர்.

முறைப்படி நூற்றுக்குப் பன்னிரண்டு வைத்தால் முன்பாரம் 540 இறாத்தல். கொளுவிக் கருவி 80. மாணவன் 170, மனைவி 140, பிள்ளைகள் இருவரும் 150. கூட்டினால் 1,080. எஞ்சியது 70. விருந்தினனாகிய அடியேனின் நிறையோ 140! தட்டில் ஒரு துரும்பும் வையாமலே, எல்லை 70 இறாத்தலால் மீறப்பட்டது. பின்பாரம் ஏற்றியபோது கணக்கு 200 இறாத்தல் மிச்சங் காட்டியது; ஆனால் அது உயிரை அடகுவைத்துப் பெற்ற மிச்சம். ஒரு விதியைக் காத்தால் மறுவிதி முறிந்தது. இடத்தை மாற்றிப் பாரத்தை ஏமாற்றலாம் என்று எண்ணினோம், பாரம் ஏமாறவில்லை. குறைப்பதன்றி வேறு வழியில்லை.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற கருத்தை வைத்தார். அக்குறளை ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பித்து வந்தவன் யான். அரசியலுக்குரிய உவமை என்றே விளக்கி வந்தேன். அன்று அந்த எடைமேடையில், மயிற்பீலி யான்தான் என்பதை உணர்ந்தேன்.

எதனை விடுவது என்னும் கேள்வி எழுந்தது. 1954 இல் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றில், லூசில் போல் நடித்த புதுமணப்பெண், செல்லுமிடமெல்லாம் நினைவுக்கென்று கற்களைப் பொறுக்கி இழுவை வீட்டில் ஒளித்துவைக்கிறாள். மலைப்பாதையில் அப்பாரம் அவர்களைப் படாதபாடு படுத்துகின்றது. அவள் கற்களுக்கும் எங்கள் நூற்பெட்டிகளுக்கும் தராசு வேற்றுமை காட்டுவதில்லை. நீர்த்தொட்டியைத் திறந்துவிட்டோம், அமெரிக்கக் கலன் ஒன்றின் நீர் 8.3 இறாத்தலாக, முப்பது கலனில் 250 இறாத்தல் போயிற்று. தங்குமிடத்தில் நீர் கிடைக்கும்போது அதனை மலைமேற் சுமந்து செல்வானேன்? துவிச்சக்கரவண்டிகள் 100, மின்பிறப்பாக்கி 100, நூற்பெட்டிகள் 150. இவற்றை அண்மையிலிருந்த நண்பர் ஒருவர் வீட்டில் இறக்கினோம். நூற்பெட்டியை இறக்குகையில் மாணவன் தயங்கினான். "தம்பி, நூல் திரும்பி வரும்போதும் இருக்கும், நாங்கள் இருக்க வேண்டாமா?" என்றேன்.

வீடு 3,900 இறாத்தலாயிற்று. எஞ்சியவற்றை அச்சின் மேலும் சற்று முன்னேயும் அடுக்க, முன்பாரம் 468 ஆக அமைந்தது. கூட்டிப் பார்த்தபோது எல்லைக்கு இரண்டு இறாத்தல் மிச்சம். ஒரு சிறு நூலுக்கு இடமிருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பாரத்தைப் பின்னச்சிலிருந்து முன்னச்சுக்குப் பகிரும் கொளுவிக் கருவிகள் உண்டு. ஆட்டத்தைத் தடுக்கும் கருவிகளும் உண்டு. அவை துணையேயன்றி மருந்தல்ல; கதவுநிலைத் தாளின் எண்ணை அவை உயர்த்துவதில்லை. கொளுவி தவறினும் நாக்கு நிலத்தில் வீழாதவாறு, அதன் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக இடுவர். வீடு அறுந்து பிரிந்தால், ஓர் ஊசி பிடுங்கப்பட்டு அதன் பிறேக் தானே இறுகும். கலிபோர்ணியா மாநிலம் இழுவை வண்டிகளுக்கு மணிக்கு 55 மைல் என்றே எல்லை வகுத்திருக்கின்றது. இத்தனை காவலும் ஒரே உண்மையை ஒப்புக்கொள்கின்றன: இழுப்பது எளிது, இழுப்பதை அடக்குவதே அரிது.

புறநானூற்றில், உப்பு வணிகர் மேடும் பள்ளமும் நேரும் என்று கருதி வண்டியின் கீழே சேம அச்சொன்றைக் கட்டிச் சென்ற செய்தியை ஔவையார் பாடலிற் காண்கின்றோம். வழியை அறியாதவன் தன் வலியையும் பாரத்தையுமாவது அறிந்து புறப்பட வேண்டும் என்பதே அவ்வணிகர் ஒழுக்கம்.

அதன்பின் ஆறு நாட்கள் மலைகளுக்கிடையே பயணஞ் செய்தோம். லொறிகள் பல எங்களைக் கடந்தன. வீடு அசைந்து உடனே அடங்கியது. ஒவ்வொரு காலையும் புறப்படுமுன், மாணவன் குனிந்து கொளுவியையும் சங்கிலியையும் தொட்டுப் பார்ப்பான். நாக்கின் கீழே சிறு தராசை வைத்து முன்பாரத்தையும் நிறுப்பான். யான் அருகே நிற்பேன். அவன் நிமிர்ந்து, "சரி, ஐயா" என்று சொல்லும் வரை வண்டியில் ஏறுவதில்லை. நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த அந்த முதியவரின் கை என் நினைவில் வந்து போகும். அவருக்கு எழுத்தறிவு இல்லை என்று ஊரார் சொல்வர். யான் பின்னாளில் ஏட்டிற் படித்துப் பிறர்க்குப் படிப்பித்ததை அவர் கையால் அறிந்திருந்தார்.