உங்களுக்குத் தெரியுமா? ஜாவாஸ்கிரிப்டில் ‘இருக்கிறதா?’

● ஒரு ஆப்ஜெக்ட்டில் ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கிறதா என்று பார்க்க, பலர் அதன் மதிப்பை அப்படியே ‘இஃப்’புக்குள் போட்டுவிடுகிறார்கள். மதிப்பு 0, வெற்று ஸ்டிரிங், ஃபால்ஸ், நல் என எதுவாக இருந்தாலும் ‘இல்லை’ என்ற கிளைக்குத்தான் நிரல் போகும். கடையின் இருப்புக் கணக்கில் அரிசி 0 மூட்டை என்று பதிந்திருந்தால், அரிசி என்ற சரக்கே அந்தக் கடையில் கிடையாது என்று ஆகிவிடும்.

● அன்டிஃபைன்டுடன் ஒப்பிட்டாலும் சந்தேகம் தீராது. ஒரு ப்ராப்பர்ட்டிக்கு அன்டிஃபைன்டையே மதிப்பாகக் கொடுக்க இந்த மொழி அனுமதிக்கிறது. அப்போது மதிப்புதான் போகும், பெயர் தங்கிவிடும். பெயரையும் எடுக்க ‘டிலீட்’ வேண்டும். அதே ஆப்ஜெக்ட்டை ஜேசனாக மாற்றினால் அந்தப் பெயர் காணாமல் போகும். மதிப்பு நல் என்றால் போகாது.

● மதிப்பைப் பாராமல் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் ‘இன்’ ஆபரேட்டர், ‘ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி’ இரண்டும் 1999 டிசம்பரில் வெளியான எக்மாஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்பில் வந்தவை. இரண்டும் கேட்பது ஒரே கேள்வி அல்ல. வெற்று ஆப்ஜெக்ட்டிடம் ‘டுஸ்டிரிங்’ உண்டா என்று ‘இன்’ கேட்டால், உண்டு என்றே பதில் வரும். சொந்தமாக இல்லாததை ‘இன்’ ப்ரோட்டோடைப் சங்கிலியில் ஏறித் தேடுகிறது. ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டியோ ஆப்ஜெக்ட்டோடு நின்றுகொள்ளும். ஒரு ஆங்கிலக் கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒரு ஆப்ஜெக்ட்டில் பதியும் நிரலை நினைத்துப் பாருங்கள். ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற சொல் முதன்முறை வரும்போதே, முன்பே பதிந்துவிட்டதாக ‘இன்’ சொல்லிவிடும். கணக்கு அங்கேயே கெடும்.

● அரேயில் ‘இன்’ தேடுவது வரிசை எண்ணை, உள்ளே இருக்கும் பொருளை அல்ல. பொருளைத் தேட ‘இன்க்லூட்ஸ்’ இருக்கிறது. சாதாரண ஸ்டிரிங்கின் மீது ‘இன்’ போட்டால் டைப்எரர்தான்.

● ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டியும் ஏமாறக்கூடியதே. அதே பெயரில் ஒரு ப்ராப்பர்ட்டி வெளியிலிருந்து வந்த தரவில் இருந்தால், உண்மையான ஃபங்ஷனை அது மறைத்துவிடும். ப்ரோட்டோடைப்பாக நல் கொடுத்து உருவாக்கிய ஆப்ஜெக்ட்டில் அந்த ஃபங்ஷனே இருக்காது. அழைத்தால் நிரல் விழும். இதற்காகவே எக்மாஸ்கிரிப்ட் 2022-இல் ‘ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்’ சேர்க்கப்பட்டது. மிகத் தாமதமாக வந்த நல்ல காரியம்.

● இருந்துகொண்டே ‘நான் இல்லை’ என்று சொல்லும் ஆப்ஜெக்ட் ஒன்று உண்டு: ‘டாக்குமென்ட்.ஆல்’. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 கொண்டுவந்தது. அது இருக்கிறதா என்று ‘இஃப்’ போட்டுப் பார்த்தே, இது எக்ஸ்ப்ளோரர்தான் என்று அந்நாளைய இணையதளங்கள் முடிவுகட்டின. எந்தச் சோதனையும் இல்லாமல் நேரே அதைப் பயன்படுத்திய தளங்களும் ஏராளம். மற்ற பிரவுசர்கள் இரு தரப்புக்கும் வேலை செய்தாக வேண்டும். அதனால் வந்த விசித்திரம்தான் இன்றைய நிலை: ‘டைப்ஆஃப்’ கேட்டால் அன்டிஃபைன்டு, ‘இஃப்’புக்குள் போட்டால் ஃபால்ஸ், பயன்படுத்தினால் ஒழுங்காக வேலை செய்யும்! ஜாவாஸ்கிரிப்ட் விதியைத் தெரிந்தே மீறுகிறோம் என்று எச்டிஎம்எல் தரநிலையே ஒரு காலத்தில் எழுதிவைத்திருந்தது. ‘இன்’ மட்டும் உண்மையைச் சொல்கிறது: டாக்குமென்ட்டில் ‘ஆல்’ உண்டு.

● பிரவுசரில் ஜியோலொகேஷன் வசதி உண்டா என்று ‘நேவிகேட்டர்’ ஆப்ஜெக்ட்டிடம் ‘ஹேஸ்ஓன்’ மூலம் கேட்டால், வசதி இருந்தாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். அந்த ப்ராப்பர்ட்டி இருப்பது ப்ரோட்டோடைப்பில். இங்கே ‘இன்’தான் சரி. பயனர் தரும் தரவுக்கு ஹேஸ்ஓன், பிரவுசரின் வசதிகளுக்கு இன் என்று இன்றே பழகிக்கொள்ளுங்கள்.