நோட்டும் செல்லவில்லை! சபையும் நடக்கவில்லை!

4 எம்.பி.க்கள் இருந்தும் புதுக்கோட்டை ஜனங்கள் பட்ட பாடு

பையிலே 500 ரூபாய். டீ குடிக்க வழியில்லை!

2016-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி ராத்திரி பிரதமர் மோடி டெலிவிஷனில் பேசினார். நள்ளிரவு முதல் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார். நாட்டில் புழங்கிய பணத்தில் நூற்றுக்கு 86 பங்கு அந்த இரண்டு நோட்டுதான்.

ஒரு காலத்தில் சொந்தமாக அம்மன் காசு புழங்கிய சமஸ்தானம் புதுக்கோட்டை. அந்த ஜில்லா ஜனங்களும் பாங்கி வாசலில் கால்கடுக்க நின்றார்கள். நோட்டு மாற்ற 4 ஆயிரம் என்றார்கள். 4,500 என்றார்கள். திடீரென்று 2 ஆயிரமாகக் குறைத்தார்கள். 24-ந்தேதியோடு அதுவும் கிடையாது. விரலில் மை வேறு! ஓட்டுப் போட்டால் வைக்கும் அதே மை.

கிராமத்து விவசாயிக்கு பாங்கி என்றால் கூட்டுறவு பாங்கி. மாவட்ட மத்திய கூட்டுறவு பாங்கிகள் பழைய நோட்டை வாங்கவே கூடாது என்று 14-ந்தேதி ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. அந்த வருஷம் வடகிழக்கு மழையும் பொய்த்துப் போனது. கீரமங்கலத்துப் பூவும் ஜெகதாப்பட்டினத்து மீனும் நோட்டுக்காகக் காத்திருக்குமா? புது 2,000 ரூபாயை நீட்டினால், “சில்லறை இல்லீங்க!”

யார்கிட்ட போய்ச் சொல்வது?

புதுக்கோட்டை என்ற பெயரில் எம்.பி. தொகுதியே 2009 முதல் இல்லை. கூறு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு. அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு. விராலிமலை கரூரோடு. கரூர் எம்.பி. தம்பிதுரை அப்போது பாராளுமன்ற துணை சபாநாயகர். ஆனால், சபை நடந்தால்தானே!

நவம்பர் 16-ந்தேதி கூடிய பாராளுமன்றம் ஒரு மாதம் இருந்தது. ஓட்டெடுப்போடு விவாதம் வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். ஓட்டெடுப்பு இல்லாமல் பேசலாம் என்றது அரசு. இந்த இழுபறியிலேயே லோக்சபாவில் மட்டும் 90 மணி நேரத்துக்கு மேல் பாழ். கியூவில் நின்றவருக்கு அன்றைய கூலி போச்சு. எம்.பி.க்கு? கையெழுத்துப் போட்டால் தினப்படி உண்டு.

பொறுமை இழந்த ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி, கடவுளுக்காகவாவது உங்கள் வேலையைச் செய்யுங்கள் என்று டிசம்பர் 8-ந்தேதி சொன்னார். யார் கேட்டது?

சென்னை சட்டசபையும் கூடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த முதல்-அமைச்சர் ஜெயலலிதா டிசம்பர் 5-ந்தேதி மறைந்தார். சபை கூடியது 2017 ஜனவரி 23-ந்தேதிதான்.

பாராளுமன்றம் சட்டமே போடவில்லையா? போட்டது, 2017 பிப்ரவரியில்! பழைய நோட்டு 10-க்கு மேல் வைத்திருந்தால் அபராதம். 10 ஆயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பில் 5 மடங்கு, எது அதிகமோ அதுவரை போடலாமாம். அரிசிப் பானைக்குள் பாட்டி மறந்து வைத்த நோட்டுக்கும் சேர்த்துத்தான்.

நோட்டு ரத்து செல்லும் என்று 2023 ஜனவரி 2-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 5 நீதிபதிகளில் 4 பேரின் தீர்ப்பு அது. பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டுவந்து செய்திருக்க வேண்டிய காரியம் என்று நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டு எழுதினார்.

கியூவில் நின்று வாங்கினார்களே 2,000 ரூபாய் நோட்டு? அதே ஆண்டு மே மாதம் அதையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.