தொட்டில் ஆடாததற்கு மருந்தும் காரணமாகலாம்!

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், ஊர் வாய் முதலில் பெண்ணைத்தான் பழிக்கிறது. ஆனால் குறை ஆணிடமும் இருக்கலாம். சிலருக்கு அது பிறவிக் குறையும் அல்ல. சாப்பிடும் மருந்தினால் வந்த குறை!

74 நாள் வேலை

ஆணின் விதைகளில் இரவு பகலாக விந்தணுக்கள் உற்பத்தியாகின்றன. ஓர் அணு உருவாகச் சுமார் 74 நாட்கள் பிடிக்கும். இந்த வேலைக்கு உத்தரவு போடும் எஜமான், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி.

"ஆண்மை ஊசி"

டெஸ்டோஸ்டீரோன் என்பது ஆண் தன்மையைத் தரும் ஹார்மோன். "களைப்பு தீரும், உடம்பு முறுக்கேறும்" என்று நம்பி அதை ஊசியாகப் போட்டுக் கொள்பவர்கள் உண்டு. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஸ்டீராய்டு ஊசிகளும் அதே இனந்தான். ஆனால், நடப்பது நேர்மாறு! வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி ஓய்ந்து விடுகிறது. விதைகளுக்கு உத்தரவு போவதில்லை. விந்தணு குறைகிறது, பலருக்கு அடியோடு நின்று விடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்தது. 7 நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் ஓர் ஊசி போடப்பட்டது. அவர்களில் 157 பேரின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் போயிற்று! 1990-ல் இந்த முடிவு வெளியாயிற்று. ஊசியை நிறுத்திய பின் விந்தணுக்கள் திரும்பி வந்தன. ஆனால், அதற்குப் பல மாதங்கள் பிடிக்கலாம்.

குடல் மருந்து

பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படும் மாத்திரை சல்ஃபாசலசின். இது விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும் என்று 1979-ல் டாக்டர்கள் எழுதினார்கள். மருந்தை மாற்றினால் இரண்டு, மூன்று மாதங்களில் நிலைமை சீராகும். புதிய அணுக்கள் உருவாக 74 நாட்கள் வேண்டுமல்லவா?

வழுக்கைக்குத் தரப்படும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் சிலருக்கு அணுக்களைக் குறைக்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புற்று நோய் மருந்துகள் சில, நிரந்தரமாகவே பாதிக்கக் கூடியவை. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுக்களை உறைய வைத்துச் சேமிக்கலாம். அப்படி உறைய வைத்த அணுவால் கரு உண்டானது 1953-லேயே அமெரிக்காவில் நடந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

இதைப் படித்ததும் மாத்திரைகளைத் தூக்கி எறிந்து விடாதீர்கள்! ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, வலிப்பு மருந்துகளைத் தாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டரின் பொறுப்பு.

குழந்தைக்காக டாக்டரிடம் போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும். கணவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள், போட்டுக் கொண்ட ஊசிகளின் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லட்டும். வெட்கப்பட்டு எதையும் மறைக்கக் கூடாது. விந்துப் பரிசோதனை எளியது. கத்தியும் இல்லை, வலியும் இல்லை. அதைச் செய்து பார்க்குமுன் மனைவியை "மலடி" என்று சொல்வது பெரிய அநியாயம்!