ஐந்து நாளில் புதுக் குடல்

பிள்ளைகளே, போன வாரம் உங்கள் குடலின் உட்பக்கத்தை மூடியிருந்த மெல்லிய தோல் இன்று இல்லை. உதிர்ந்து போய்விட்டது! இப்போது இருப்பது புத்தம்புதுசு.

நம் பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் பணியாரச் சட்டி மாதிரி குழிகுழியாகத் தெரியும். பணியாரக் குழியைவிட ஒடுக்கம், கிணறு போல நேராக இறங்கும். ஆனால் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அடியில் சில ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. பிறந்த செல்கள் மெல்ல மேலேறி, விளிம்புக்கு வந்து, ஐந்து நாள் போல் ஆனதும் உதிர்கின்றன.

ஒவ்வொரு முறை பிரியும்போதும் டி.என்.ஏ.வின் சுமார் 600 கோடி எழுத்துகளைப் பிரதி எடுக்க வேண்டும். பிழை விழாமல் இருக்குமா? மேலேறிய செல்லில் விழுந்த பிழை அதோடு உதிர்ந்துவிடும். அடியில் இருக்கும் ஸ்டெம் செல்லில் விழுந்தது தங்கிவிடும். வயது ஏற ஏற, பிழையும் சேரும்.

இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் ஆய்வு நிலையத்தார் இந்தப் பிழைகளை எண்ணியே விட்டார்கள்! 16 வகைப் பாலூட்டிகளின் குடல் குழிகளை லேசரால் வெட்டியெடுத்துப் படித்து, 2022இல் கணக்கை வெளியிட்டார்கள். மனிதருக்கு ஒரு செல்லில் ஆண்டுக்கு 47 பிழை. சுண்டெலிக்கோ கிட்டத்தட்ட 800! ஒட்டகச்சிவிங்கிக்கு 99; உள்ளங்கையில் அடங்கும் முடியில்லாத அகழெலிக்கு 93. ஆனால் வாழ்நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால், நாலு வருடம்கூட வாழாத சுண்டெலிக்கும் எண்பது வருடம் வாழும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

பெரும்பாலான பிழைகளால் கெடுதல் இல்லை. ஏ.பி.சி. என்றொரு மரபணு, செல் பெருகுவதற்குப் பிரேக் போடுவது. அது பழுதானால் செல்கள் நிற்காமல் பெருகி, காளான் மொட்டு மாதிரி சதை முளைக்கும். டாக்டர்கள் அதை ‘பாலிப்’ என்பார்கள். எல்லா பாலிப்பும் புற்றுநோய் ஆவதில்லை. ஆவதற்கு மேலும் பல பிழைகள் சேர வேண்டும். பெரும்பாலும் பத்து வருடம் போல் பிடிக்கும். அதனால்தான் பெருங்குடல் புற்றுநோய் 50 வயது தாண்டியவர்களுக்கே அதிகம் வருகிறது. மொட்டாக இருக்கும்போதே கண்டுவிட்டால், கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டு வெட்டி எடுத்துவிடலாம்.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டு, “மூலம்தான், உடம்புச் சூடு” என்று சும்மா இருந்தால், நீங்கள் சும்மா இருக்காதீர்கள். அந்த ரத்தம் இப்படிப்பட்ட மொட்டிலிருந்தும் வரலாம். கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.